வீட்டை அடகு வைத்து டாக்டர் படிப்பா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் படிவம் ஐந்து, பள்ளியின் இறுதி ஆண்டு. “டாக்டருக்குத்தான் படிக்கணும்னு பெரியப்பா பிடிவாதமா நிக்கிறார். வீட்டை அடகு வைக்கலாம்ங்கிறார். இவனோ எந்நேரமும் ரோபோவோடயே கிடக்கிறான். பயமா இருக்கு சார்.”

பயப்படாதீங்கம்மா என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. வீட்டு அடகு என்றதும் எனக்கே பயம் வந்துவிட்டது. தனியார் கல்லூரியில் மருத்துவம் முடிக்கச் சில லட்சம் வெள்ளி (ரிங்கிட்) பிடிக்கும். முடித்த கையோடு அரசாங்க வேலை நிரந்தரம் என்ற காலமும் 2016 இறுதியோடு போயிற்று. அதன்பின் ஒப்பந்த வேலைதான். அந்த டாக்டர்கள் 2021 ஜூலையில் வெளிநடப்பு செய்ததைப் பெரியப்பா மறந்திருப்பார். ரத்தத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பையனென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகென்ன?

அவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ரோபோவின் முன்னால் இரண்டு கண் மாதிரி இருப்பது எச்.சி.-எஸ்.ஆர்.04 மீயொலி சென்சார். சில வெள்ளிதான் விலை. ஒரு கண் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியைப் பிடிக்கும். போய்வந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். சுவரைக் கண்டு திரும்பும் ரோபோவை யாரும் செய்துவிடலாம், யூடியூப்பில் கொட்டிக் கிடக்கிறது. இவனுடையது ஹால் திரைச்சீலையில் போய் முட்டியது. துணி ஒலியை விழுங்கிவிடும். சாய்ந்து நிற்கும் அலமாரிக் கதவு எதிரொலியை வேறு பக்கம் திருப்பிவிடும். ஒரு அளவை நம்பாமல் ஐந்து முறை அளந்து நடுவிலுள்ளதை எடுத்தான். சென்சாரை, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டாரில் ஏற்றி இடமும் வலமும் பார்க்க வைத்தான். அதுவும் போதாதென்று முகப்பில் ஒரு தொடு சுவிட்ச். வெயிலில் ஒலி வேகமாகப் போகுமென்று ஒரு டிகிரிக்கு வினாடிக்கு 0.6 மீட்டர் கூட்டி வேறு கணக்குப் போட்டிருக்கிறான். ஹாலில் ஓடும் ரோபோவுக்கு அது தேவையே இல்லை, இருந்தாலும் போட்டிருக்கிறான்! யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், “முட்டி முட்டித்தான் சார்” என்கிறான்.

பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவமெல்லாம் சொந்தக்காரர்களே சொல்லியிருப்பார்கள். யாரும் வாய் திறக்காதது பாலிடெக்னிக். இயந்திரவியலும் மின்னணுவியலும் கலந்த மெகாட்ரானிக்ஸ் டிப்ளோமாவில் மோட்டார், சென்சார், மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லு, தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. என்று இவன் இப்போது ஹாலில் செய்வதையே முறையாகப் படிப்பான். படிப்புக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 வெள்ளி. மூன்று ஆண்டில் ஒரு பருவம் முழுக்கத் தொழிற்சாலைப் பயிற்சி. பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். பாலத்தைத் தாண்டினால் பாயான் லெப்பாஸ். 1972-இல் இன்டெல் வந்திறங்கிய தொழிற்பேட்டை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா கிடைத்தாலும் குறைவில்லை. நல்ல மதிப்பெண் எடுத்தால் பெர்லிஸ் யுனிமேப், மலாக்கா யுடெம் பல்கலைக்கழகங்கள் என்று டிகிரிக்கும் வழி திறந்திருக்கிறது.

பாலிடெக்னிக்கில் சேர, படிவம் ஐந்தின் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம்.மில் கணிதத்துக்கு கிரெடிட், அதாவது வெறும் பாஸுக்கு மேலான தேர்ச்சி, வேண்டும். மலாய், வரலாறு கோட்டைவிட்டால் சான்றிதழே கிடையாது. ஆகவே தேர்வு வரை ரோபோ ஞாயிற்றுக்கிழமை மட்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன், அவனிடமும் சொல்லிவிட்டேன்.

பெரியப்பாவிடம் நீங்கள் பேசுங்கள், பையனை முன்னால் நிறுத்தாதீர்கள். “பாலிடெக்னிக்கா?” என்று அவர் முகம் சுளித்தால், மருத்துவக் கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து நீங்கள் போடுவீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.