மகளின் ஃபைபர் ப்ராஜெக்டை மாற்றச் சொல்லலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: மகள் புதுச்சேரியில் ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு. ஃபைபர் (தகவலை ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழை) அறுந்தால் பேக்கப் பாதையின், அதாவது மாற்று வழியின், நீளம் மீட்பு வேகத்தை எப்படிப் பாதிக்கும் என்று ப்ராஜெக்ட் எடுத்திருக்கிறாள். இதற்கு வேலை கிடைக்குமா, வேறு எதையாவது செய்யச் சொல்லட்டுமா?

மாற்றச் சொல்லாதீர்கள் ஐயா.

பெண்ணையாற்றுப் பாலம் வெள்ளத்தில் மூடினால், புதுச்சேரி பஸ் பண்ருட்டி, விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும். தகவல் கடலூர் பஸ் ஸ்டாண்டிலேயே கிடைத்தால் பரவாயில்லை. ஆற்றங்கரை வரை போய்த் திரும்பினால் அந்த நேரமும் வீண். ஃபைபரிலும் இந்தக் கணக்குதான். ஒளி அதற்குள் 200 கி.மீ. தூரத்தை ஒரு மில்லி செகண்டில் கடந்துவிடும். பேக்கப் 600 கி.மீ. என்றாலும் போய்வர 6 மில்லி செகண்ட்தான். அறுந்த இணைப்பு மீள்வதற்குத் தொலைத்தொடர்பில் வெகுகாலமாக வைத்திருக்கும் வரம்பு 50 மில்லி செகண்ட். அப்புறம் எதற்கு நீளத்தைப் பற்றிக் கவலை? பாதை நீள நீள, வழியில் நோடுகள் (கேபிள்கள் சந்திக்கும் இடைநிலையங்கள்) கூடும். அறுந்த பிறகுதான் ஒவ்வொரு நோடிலும் ஸ்விட்சைத் திருப்புவது என்றால், ஒன்றுக்குப் பத்து என்று வைத்தால்கூட, வரிசையாக ஆறு நோடுக்கே 60 ஆகிவிடும். இரண்டு பாதையிலும் எப்போதும் ஒளியை அனுப்பிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வாங்கும் முனை மட்டும் மாறிக்கொள்ளும். ஆனால் ஒரே இணைப்புக்கு இரண்டு மடங்கு கொள்ளளவு வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 'குறுகிய பேக்கப்தான் சிறந்தது' என்று முடித்திருந்தால் இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வாள். இரண்டு கேபிளும் ஒரே சாலையோரப் பள்ளத்தில் போனால் இரண்டையும் அறுக்க ஒரு பொக்லைன் போதும். அவ்வளவு ஏன், நம் விழுப்புரம் சுற்றுவழியும் அதே பெண்ணையாற்றைத்தானே தாண்டுகிறது!

வேலைக்கு வருவோம். டெலிகாம் நிறுவனங்களில் நெட்வொர்க் திட்டமிடல், கண்காணிப்பு மையப் பணி (நைட் ஷிஃப்ட் உண்டு, இப்போதே சொல்லிவிடுகிறேன்), பெங்களூரு தேஜஸ் நெட்வொர்க்ஸ் மாதிரி ஆப்டிகல் கருவி தயாரிப்பவர்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். ப்ராஜெக்டை பைத்தானில் செய்து, குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா அல்காரிதத்தைத் தானே எழுதியிருந்தால் சாஃப்ட்வேர் இன்டர்வியூவிலும் அது பேசும். மேற்படிப்பு எண்ணம் இருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே கேட் (GATE, எம்.டெக். சேர்க்கைக்கான தேர்வு) எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

இன்று இரவு அவளிடம் ஒன்று கேளுங்கள்: அறுந்ததைக் கண்டுபிடிக்க எவ்வளவு, அந்தத் தகவல் போக எவ்வளவு, ஸ்விட்ச் திரும்ப எவ்வளவு என்று மில்லி செகண்டைப் பிரித்துக் காட்டும் படம் இருக்கிறதா? இல்லையென்றால் ரிவியூவுக்கு முன் போட்டுவிடச் சொல்லுங்கள்.