பாட்டுக்கேற்ற வெட்டு

கேள்வி: எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் கைபேசியில் எடுத்த கிளிப்புகளை ஒரு பாட்டின் ஒவ்வொரு பீட்டிலும் (தாள அடியிலும்) சரியாக வெட்டிச் சேர்த்தேன். ஆயினும் பார்ப்பவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் படம் இசைக்குப் பின்னால் வருவது போலவும் தோன்றுகிறது. எங்கே தவறு? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: ஒவ்வொரு பீட்டிலும் வெட்டியதே சலிப்புக்குக் காரணம். நிமிடத்திற்கு 120 பீட் உள்ள பாட்டில் ஒரு பீட்டின் நீளம் அரை வினாடி. வினாடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) எனப் பதிவான படத்தில் அது 15 ஃபிரேம். நின்றிருந்த தேர் மெல்ல அசைந்து நகரத் தொடங்கும் அழகை 15 ஃபிரேமுக்குள் யாராலும் காட்ட முடியாது. அதற்கு எட்டு பீட், அதாவது நான்கு வினாடியாவது கொடுங்கள். தவில்காரரின் கைக்கு இரண்டு பீட் போதும். ஷாட்டுகளின் நீளம் இப்படிக் கூடியும் குறைந்தும் வரும்போதுதான் அடுத்த வெட்டு எப்போது வரும் என்ற எதிர்பார்ப்பு பார்ப்பவரிடம் நிலைக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பீட்டில் விழ வேண்டியது எப்போதும் வெட்டாகவே இருக்க வேண்டியதில்லை. வடம் இறுகும் கணம், குச்சி தோலில் படும் கணம், பூ தரையைத் தொடும் கணம் என ஒவ்வொரு ஷாட்டிலும் அசைவு உச்சத்தை எட்டும் ஒரு ஃபிரேம் இருக்கும். அந்த ஃபிரேமைத் தேடிப் பிடித்து அழுத்தமான பீட்டின்மேல் வைத்துவிட்டால், வெட்டு வேறெங்கே இருந்தாலும் படம் பாட்டோடு சேர்ந்து நடப்பதாகவே தோன்றும். நான் கற்றுக்கொடுப்பவர்களை முதல் வாரம் முழுவதும் இதை மட்டுமே செய்யச் சொல்வேன்.

படம் பின்தங்குவதாகத் தோன்றினால் வெட்டு பீட்டுக்கு ஓரிரு ஃபிரேம் முன்னதாகவே வரும்படி நகர்த்துங்கள். புதிய படத்தை உள்வாங்கக் கண்ணுக்குச் சிறிது நேரம் வேண்டும். ப்ளூடூத் இயர்போனில் ஒலி தாமதித்து வரும் என்பதால், எடிட்டிங்கின்போது கம்பி இணைத்த இயர்போனையே பயன்படுத்துங்கள். கைபேசிப் பதிவுகளில் ஃபிரேம் வேகம் சீராக இராமல் போவதுண்டு. அவற்றை நிலையான வேகத்திற்கு மாற்றிய பின்னரே, கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் இடுவது நல்லது.

கேள்வி: பாட்டுக்குப் பதிலாக அங்கேயே பதிவான நாகஸ்வரம், தவில் இசையை வைத்தால், மென்பொருள் தானாக இடும் பீட் குறிகள் பொருந்தவில்லையே? (அதே வாசகி)

பதில்: பொருந்தாதது இயல்பே. மேளத்தின் காலப்பிரமாணம் கலைஞர்களின் உற்சாகத்தோடு சற்றே கூடும், குறையும்; ஒரே வேகத்தைக் கணக்கிட்டு இடப்படும் குறிகள் அதனால் போகப்போக விலகிவிடும். படத்தை மறைத்துவிட்டு, ஆதி தாளமானால் அதன் எட்டு அட்சரங்களையும் (எண்ணிக்கைகளையும்) கையால் போட்டபடி, இசை மனத்தில் பதியும்வரை கேளுங்கள். பிறகு அதை ஓடவிட்டு, ஒவ்வொரு சமத்திலும், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்திலும், எம் (M) விசையைத் தட்டுங்கள்; ப்ரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் ஆகிய எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டிலும் அங்கே மார்க்கர் (குறி) விழும். வாசிக்கும் பாட்டின் எடுப்பு (அது தொடங்கும் இடம்) சமத்திலிருந்து தள்ளியிருந்தால் அதற்கு வேறு நிறத்தில் ஒரு மார்க்கர் இடுங்கள். தவில்காரர் தீர்மானம் (முடிப்பு) வைக்கும்போது ஒரே சொற்கட்டு (தாளச் சொற்களின் கோவை) மூன்று முறை வரும். அந்த மூன்று முறையும் வெட்டாமல் ஒரே ஷாட்டில் பொறுத்திருந்து, அது வந்து விழும் இடத்தில் தேரைக் காட்டுங்கள்.