பெட்டியில் இருக்கும் 'ரஜூலா' எந்தக் கப்பல்? அதற்கு என்ன ஆனது?

காரைக்குடி வீட்டில் உங்கள் ஐயாவின் தகரப் பெட்டியில் 'ரஜூலா' என்று எழுதியிருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். செட்டிநாட்டில் கிட்டங்கி (அக்கரையில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கடை) வேலைக்குக் கடல் கடந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர் அது.

1926-ல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் நிறுவனம் கட்டிய நீராவிக் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆளும் சரக்குமாகப் போய்வந்தது. நாகையில் ஆழமான துறைமுகம் இல்லை. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். கையில் காசு குறைவானவர்கள் டெக் டிக்கெட்டில் பாய் விரித்துப் படுத்தே அக்கரை சேர்ந்தார்கள். எனக்கு அவர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. நடுவில் உலகப் போர் வந்தது, துருப்புகளையும் சுமந்தது.

பழைய கப்பல்கள் பல கைமாறித் தேயும். இது 47 வருடம் ஒரே கம்பெனியிடம் உழைத்தது, பெரிய விஷயம். 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, அந்தமான் ஊர் ஒன்றின் பெயரான 'ரங்கத்' என்று மாற்றியது. மறுவருடமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் ஐயாவின் பயணம் 1926-க்கும் 1973-க்கும் இடைப்பட்டதுதான். பெட்டிக்குப் புதுப் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.