பிரிட்டிஷ் காமெடியும் அமெரிக்க காமெடியும்: ஆறு எபிசோடுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே

கேள்வி: பிரிட்டிஷ் டிவி காமெடிக்கும் அமெரிக்க டிவி காமெடிக்கும் என்ன வித்தியாசம்? முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஜோக் அடித்தால் பிரிட்டிஷ், சத்தமாக அடித்தால் அமெரிக்கன், அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் பல வருஷமாக ஆசையாகப் பார்த்து வருகிறேன். அந்த நாட்டுக்காரர்களின் குணத்தில் தேடுவதைவிட, தொடர் எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

பிரிட்டனில் ஒரு சீசன் என்றால் பெரும்பாலும் ஆறு எபிசோட். ஒருவரோ இருவரோ சேர்ந்து மொத்தத்தையும் எழுதுவார்கள். பிபிசி என்றால் நடுவில் விளம்பரம் கிடையாது. மக்கள் கட்டும் டிவி லைசென்ஸ் பணத்தில் ஓடுகிற நிறுவனம் அது. அமெரிக்காவின் பெரிய சானல்களில் நிலைமை வேறு. ஒரு சீசனுக்கு 22, 24 எபிசோட் வேண்டும். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிடம் போல. இவ்வளவையும் ஒருவர் தனியாக எழுத முடியாது என்பதால் ஒரு அறை நிறைய எழுத்தாளர்கள் இருப்பார்கள். 100 எபிசோடை நெருங்கிவிட்டால் மறுஒளிபரப்பு உரிமையை ஊர் ஊராக உள்ளூர் சானல்களுக்கு விற்கலாம். பெரிய லாபம் அதில்தான் இருந்தது. அதனால் முதல் நாளே, பல வருஷம் ஓட வேண்டும் என்ற கணக்கோடுதான் தொடங்குவார்கள்.

இந்தக் கணக்கு நேராகப் போய்க் கதாநாயகனைத் தொடுகிறது. வருஷக்கணக்கில் வாராவாரம் வீட்டுக்குள் வரப்போகும் ஆளைப் பார்க்கிறவர்களுக்குப் பிடித்தே ஆக வேண்டும். ஆறு வாரம் வந்து போகிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவன் அற்பனாக இருக்கலாம், தோற்கலாம், தோற்ற இடத்திலேயே கதையை முடித்தும் விடலாம்.

இதை நேரில் பார்க்க 'தி ஆபீஸ்' போல வசதியான உதாரணம் இல்லை. ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எழுதி 2001-ல் பிபிசியில் வந்தது. லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் ஒரு பேப்பர் கம்பெனி, அதன் மேனேஜர் டேவிட் பிரென்ட். பன்னிரண்டு எபிசோட், அப்புறம் 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாகச் சிறப்பு நிகழ்ச்சி. கதை முடிந்தது. அமெரிக்காவில் கிரெக் டேனியல்ஸ் அதையே 2005-ல் என்பிசி சானலுக்காக எடுத்தார். ஊர் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன், மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டாக ஸ்டீவ் கரெல். 2013 வரை ஒன்பது சீசன், 201 எபிசோட்.

அமெரிக்க ஆபீஸின் முதல் எபிசோட் ஏறக்குறைய பிரிட்டிஷ் மூலத்தின் நகல். முதல் சீசன் முழுக்க மைக்கேலும் பிரென்ட் மாதிரியே கூசவைக்கும் ஆளாகத்தான் இருக்கிறான். பெரிய வரவேற்பு இல்லை. இரண்டாவது சீசனில் அவனை மாற்றினார்கள். ஒட்ட வாரிய தலைமுடியிலிருந்து பேச்சு வரை எல்லாமே கொஞ்சம் இளகியது. முட்டாள்தனமாக எதையாவது செய்வான், ஆனால் அவ்வப்போது வியாபாரத்தில் கெட்டிக்காரன் என்றும் உள்ளூர நல்லவன் என்றும் காட்டுவார்கள். தொடர் பிழைத்தது அப்புறம்தான்.

இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆபீஸில் ஒருநாள் நன்கொடை திரட்டுவதற்காக எல்லோரும் வேடிக்கை செய்கிறார்கள். பறவைமேல் சவாரி செய்வது போன்ற ஒரு வேஷத்தை பிரென்ட் மாட்டிக்கொண்டிருக்கிறான். அதே கோலத்தில் அவனை உட்காரவைத்து, உனக்கு வேலை போய்விட்டது என்று மேலதிகாரிகள் சொல்கிறார்கள். அடுத்த எபிசோடில், என்னை அனுப்பாதீர்கள் என்று கெஞ்சுகிறான். அத்தனை நாள் நம்மை நெளியவைத்தவனைப் பார்த்துத் தொண்டை அடைக்கிறது. யாரும் மனம் இரங்கவில்லை, வேலை திரும்பவும் இல்லை.

அமெரிக்க ஆபீஸின் மூன்றாவது சீசனில் ரிசப்ஷனிஸ்ட் பாம் தன் ஓவியங்களைக் கண்காட்சியில் வைக்கிறாள். கூட வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் வரவில்லை, வந்தவர்களும் பெரிதாகப் பாராட்டவில்லை. படங்களைக் கழற்றத் தொடங்கும் நேரத்தில் மைக்கேல் உள்ளே வருகிறான். தங்கள் ஆபீஸ் கட்டடத்தை அவள் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்து நிஜமாகவே பிரமித்து, விலை என்ன என்று கேட்கிறான். அந்தப் படம் ஆபீஸ் சுவரில் ஏறுகிறது, கடைசி எபிசோடில் பாம் அதை எடுத்துக்கொண்டு போகும் வரை அங்கேதான் இருக்கிறது. பிரென்டால் இதைச் செய்யவே முடியாது. அவன் வந்திருந்தால் பேச்சு அவன் எழுதிப் பாடும் பாட்டைப் பற்றியதாகத்தான் போயிருக்கும். இந்த ஒரு காட்சிக்காகவே அமெரிக்க ஆபீஸைக் குறைத்துப் பேசுபவர்களோடு நான் சண்டைக்கு நிற்பேன். 201 எபிசோட் ஓட வேண்டும் என்ற வியாபாரக் கட்டாயம்தான் இவ்வளவு அழகான ஒன்றையும் பெற்றெடுத்தது.

அந்த மாற்றத்துக்கு இடமே தராத கதைகளும் உண்டு. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதிய 'ஃபால்டி டவர்ஸ்' 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, ஆகப் பன்னிரண்டே எபிசோட். டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் ஹோட்டல் நடத்தும் பேசில் ஃபால்டி, வருகிற விருந்தாளிகளையே வெறுப்பவன். நடுவழியில் நின்றுபோன காரைத் திட்டி, மூன்று எண்ணுவதற்குள் கிளம்பு என்று மிரட்டி, ஒரு மரக்கிளையை ஒடித்துவந்து அதை விளாசுவான். இதை அமெரிக்காவில் மூன்று தடவை எடுத்துப் பார்த்தார்கள். 1978-ல் ஒன்று பைலட் என்கிற மாதிரி எபிசோடோடு நின்றது, 1983-ல் 'அமாண்டாஸ்', 1999-ல் 'பெய்ன்'. பின்னவை இரண்டும் சில மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை. 'அமாண்டாஸ்' தொடரில் பேசிலுக்குப் பதிலாக அமாண்டா என்ற பெண்தான் ஹோட்டல் நடத்துகிறாள். பேசிலின் எரிச்சலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரண ஹோட்டல்தான்.

என்னை அதிகம் பாதித்தது இவற்றைவிடப் பழையது. 1962-ல் கால்ட்டனும் சிம்ப்சனும் எழுதிய 'ஸ்டெப்டோ அண்ட் சன்'. லண்டனில் குதிரை வண்டி ஓட்டிப் பழைய சாமான் வாங்கும் அப்பனும் மகனும். மகன் ஹெரால்டுக்கு வயது முப்பதைத் தாண்டியாயிற்று, அப்பாவை விட்டுப் போய்விட வேண்டும் என்று துடிக்கிறான். முதல் எபிசோடின் கடைசியில் தன் உடைமைகளையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டான். குதிரையை அப்பா தரமாட்டார். சரி, நானே இழுக்கிறேன் என்று இழுக்கிறான். வண்டி அசையவில்லை. இழுத்து இழுத்து அழுதுவிடுகிறான். அப்பா மெதுவாக அவனை உள்ளே கூட்டிப்போகிறார். காமெடி என்ற பெயரில் வந்த முதல் அரை மணி நேரமே இப்படி முடிகிறது. அமெரிக்காவில் இதுதான் 1972-ல் 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' ஆனது, லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதையாக. அப்பாவாக நடித்த ரெட் ஃபாக்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டுப் போடும் மாரடைப்பு நாடகம் பிரமாதம். ஆனால் மகன் மாட்டிக்கொண்ட வலி மூலத்தில் இருந்த அளவுக்கு அங்கே அழுத்தவில்லை.

இதெல்லாம் அசைக்க முடியாத விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்கால ஊர்க்காவல் படையைப் பற்றிய பிரிட்டனின் 'டாட்ஸ் ஆர்மி' 80 எபிசோட் ஓடியது, அதில் பாசத்துக்குக் குறைவே இல்லை. அமெரிக்காவின் 'சைன்ஃபெல்ட்' யாரும் திருந்தக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது என்ற கொள்கையோடு 180 எபிசோட் போய், 1998-ல் முக்கியப் பாத்திரங்கள் நான்கு பேரையும் ஜெயிலில் தள்ளி முடித்தது. இப்போது கேபிளும் ஓடிடியும் வந்து அமெரிக்காவிலும் எட்டு, பத்து எபிசோட் சீசன் சகஜமாகிவிட்டதால், அங்கேயும் பிடிக்காத கதாநாயகர்கள் துணிந்து வருகிறார்கள்.

சிரிப்புச் சத்தத்தை மட்டும் வைத்துப் பிரிக்காதீர்கள். 'ஃபால்டி டவர்ஸ்' உட்படப் பல பிரிட்டிஷ் தொடர்கள் ஸ்டுடியோவில் ஆட்களை உட்காரவைத்து எடுத்தவைதான். அமெரிக்காவில் கொரியப் போர் மருத்துவமனையைப் பற்றிய 'மேஷ்' பதிவுசெய்த சிரிப்போடு ஒளிபரப்பானது, பிபிசியோ அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டுக் காட்டியது. அதே வசனம் சிரிப்பில்லாமல் கேட்கும்போது அந்த டாக்டர்களின் களைப்பு எவ்வளவு கூடத் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கே தொடங்கலாம் என்றால், பிரிட்டிஷ் ஆபீஸின் பன்னிரண்டையும் வரிசையாகப் பாருங்கள். இரண்டாம் எபிசோடிலேயே கூச்சம் தாங்காமல் நிறுத்தத் தோன்றும், தொடருங்கள். கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியைத் தவறவிடாதீர்கள், அந்த ஆபீஸில் வேலை பார்க்கும் டிம்முக்கும் ரிசப்ஷனிஸ்ட் டானுக்கும் என்ன ஆனது என்பது அதில்தான் இருக்கிறது. பிறகு ஒரு வாரம் இடைவெளி விட்டு, அமெரிக்க ஆபீஸை இரண்டாவது சீசனிலிருந்து ஆரம்பியுங்கள்.