கொம்பு எங்கே வரும்? தமிழாசிரியைக்கு ஒரு பதில்

மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் காவடிப் பாட்டை வரி பிசகாமல் பாடுகிறான். ‘தெரு’ என்று எழுதச் சொன்னால் தடுமாறுகிறான். சிறப்புக் கல்வியில் எனக்குப் பயிற்சி இல்லை. சிறப்புப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லலாமா?”

அவசரப்படாதீர்கள். முதலில் அவனுடைய பிரெஞ்சு, ஆங்கில நோட்டுகளை வகுப்பாசிரியரிடம் வாங்கிப் பாருங்கள். அங்கேயும் எழுத்து இடம் மாறுகிறதா, விடுபடுகிறதா? அப்படியானால் வாசிப்புக் குறைபாடு (டிஸ்லெக்சியா) இருக்கலாம், முறையாகச் சோதிக்க வேண்டும். தமிழில் மட்டும் என்றால் சிக்கல் பெரும்பாலும் எழுத்து முறையில்தான்.

‘தெ’ என்பதில் காதுக்கு முதலில் கேட்பது த், பிறகு எ. எழுதும்போதோ கொம்பு (‘ெ’ என்ற குறி) முன்னால் வந்து நிற்கிறது! பிரெஞ்சில் கேட்ட வரிசையிலேயே எழுதிப் பழகிய கை, கொம்பைத் ‘த’வுக்குப் பின்னால் போடுகிறது. அது அடுத்த எழுத்தோடு ஒட்டி ‘தரெ’ போலாகிவிடும். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்பது நியாயமில்லை. ‘கொடி’ இன்னும் மோசம், இரண்டு பக்கமும் குறி.

இதைச் சரிசெய்ய உங்களுக்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. கொம்பு ஒரு அட்டையில், ‘த’ இன்னொன்றில், நிறம் வேறு வேறாக. கொம்பு அட்டையை அவனே இடப்பக்கம் வைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் ‘தெ’ என்று சொல்லட்டும். அப்புறம் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதட்டும். தினமும் ஐந்து நிமிடம், ஒரு கொம்பு மட்டும். ஒற்றைக் கொம்பு கை வந்தபின் இரட்டைக் கொம்பு.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெதுயியில் உள்ள மொரிஷியஸ் கல்வி நிறுவனத்திலும், தமிழுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் கேளுங்கள். ஆனால் ஒருநாள் பயிலரங்கில் எனக்கு நம்பிக்கை குறைவு. உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கும் ஒருவர்தான் உதவுவார். வாரம் அரைமணி வகுப்பாசிரியரோடு பேச நேரம் ஒதுக்கும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

குறைபாடு உறுதியானால் ஆறாம் வகுப்புப் பி.எஸ்.ஏ.சி. (தொடக்கப் பள்ளி இறுதிச் சான்றிதழ்) தேர்வுக்குக் கூடுதல் நேரம் போன்ற சலுகையைப் பள்ளி வழியாகக் கேட்கலாம். சிறப்புக் கல்வித் தேவைகளுக்கென்றே 2018-இல் சட்டம் இயற்றி ஆணையம் அமைத்திருக்கிறார்கள். எங்கே போனாலும் தேதியிட்ட உங்கள் குறிப்புகளை எடுத்துப் போங்கள்.

பெற்றோரிடம் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லை நீங்களாக எடுக்காதீர்கள். பயிற்சி தொடங்கிய முதல் வார நோட்டையும் ஆறாம் வார நோட்டையும் மேசையில் விரித்துக் காட்டினால் போதும்.