ரெண்டு சேவருக்கு ட்ராபிக்கைப் பிரிக்க ரீடைரக்ட் காணுமா, லோட் பலன்சர் வேணுமா?

ரீடைரக்ட் காணாது, லோட் பலன்சர்தான் வேணும். ரீடைரக்ட் எண்டால் வந்த ஆளை வேற விலாசத்துக்குப் போ எண்டு திருப்பி விடுறது, லோட் பலன்சர் எண்டால் முன்னால நிண்டு வாறவையைச் சேவர்களுக்குப் பங்கிட்டு விடுறது. உங்களிட்ட ரெண்டு சின்ன சேவர், கையில காசும் மட்டு, ஆரோ "ஒரு ரீடைரக்ட் போட்டு விடு, சரிவரும்" எண்டு சொல்லியிருப்பினம். எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை.

நான் கிளிநொச்சியில இருந்து வெப்சைட் செய்து குடுக்கிறனான். ஒரு ரியூசன் சென்ரர் ஏ.எல் பிள்ளையளுக்கு ஞாயிறு காலமை ஒன்லைன் பரீட்சை வைக்கக் கேட்டவை. ரெண்டு சேவர், முன்னால லோட் பலன்சரா எஞ்சின்எக்ஸ் எண்ட மென்பொருள். லொகின் பண்ணின சேவரிலயே ஆள் நிண்டாத்தான் செஷன், அதாவது அவர் லொகின் பண்ணியிருக்கிறார் எண்ட பதிவு, உடையாது எண்டு, ஐபி விலாசத்தைப் பாத்து ஆளை ஒரு சேவரோட கட்டி வைக்கிற ஐபி ஹாஷ் போட்டன். வீட்டு லைனிலயும் என்ர போனிலயும் சோதிச்சா ஒண்டு இங்க, ஒண்டு அங்க, வடிவாப் பிரிஞ்சுது.

9 மணிக்கு ஒரு சேவர் மூச்சு வாங்குது, மற்றது சும்மா படுத்துக் கிடக்கு. இங்க பிள்ளையள் எல்லாம் போன் டேற்றாதானே, கம்பனிக்காரர் கனக்கப் போனை ஒரே பொது ஐபிக்குப் பின்னால அடைச்சு விடுவினம், அதோட ஐபி ஹாஷ் ஐபிவி4 விலாசத்தில முதல் மூண்டு எண்ணை மட்டும்தான் பாக்கும், அப்ப பரந்தன் பெடியனும் புதுக்குடியிருப்புப் பெட்டையும் அதுக்கு ஒரே ஆள். சேவர் ஒரேயடியா விழுந்தாலாவது எஞ்சின்எக்ஸ் மற்றதுக்கு மாத்தும். இது விழாமல் இழுத்துக்கொண்டு நிண்டுது, எஞ்சின்எக்ஸ் செற்றிங்கை நீங்கள் மாத்தாட்டி 60 செக்கன் காத்திருந்துதான் அது கைவிடும்.

பதட்டத்தில, புதுசா வாறவையை ரெண்டாவது சேவருக்கு 301 எண்ட வகை ரீடைரக்ட் போட்டுத் திருப்பினன். அண்டைக்குத் தப்பிச்சம். ஆனா 301 எண்டால் நிரந்தரம், பிரவுசர் அதை ஞாபகம் வைச்சுக்கொண்டு அடுத்தமுறை என்னைக் கேக்காமலே நேர அங்க போயிடும். காசு மிச்சம் பிடிக்க ரெண்டாவதை நிப்பாட்டின கிழமை, போனெல்லாம் செத்த சேவரைப் போய்த் தட்டுது. "சேர், சைட் வருகுதில்லை" எண்டு வட்சப்பில ஒரே வொய்ஸ். கடைசியில லிங்கையே மாத்திக் குடுத்தன்.

தற்காலிகமாத் திருப்புறதெண்டால் 302. விடை அனுப்புற இடமெண்டால் 307, இல்லாட்டி விடையை அனுப்புற 'போஸ்ட்', பக்கத்தைக் கேக்கிற 'கெட்' ஆக மாறி, எழுதினது போயிடும். இப்ப செஷனை ரெண்டு சேவரும் பாக்கிற பொதுக் களஞ்சியமான ரெடிஸில வைச்சிட்டு, ஐபி ஹாஷைத் தூக்கிப்போட்டு, ஆரிட்ட கனெக்ஷன் குறைவோ அங்க அனுப்புற லீஸ்ட் கொன் போட்டிருக்கிறன். ரீடைரக்ட் பழைய விலாசத்தில இருந்து புதுசுக்கு ஆளை அனுப்பத்தான் சரி.

உது பழைய முறை, கிளவுட்டில எடுக்கலாமே எண்டு ஆராவது வருவினம். எடுக்கலாம் அண்ணை, மாசாமாசம் டொலரில ஆர் கட்டுறது? முன்னால நிக்கிற எஞ்சின்எக்ஸ் விழுந்தா எல்லாம் விழும் எண்டும் தெரியும், தெரிஞ்சுதான் வைச்சிருக்கிறன்.

சென்ரர்காரர் என்ன சொன்னவர் தெரியுமோ, "கொழும்பில குடுத்திருந்தால் உது வந்திராது தம்பி." கொழும்புக்காரனெண்டால் வேலை துவங்க முதலே பாதிக்காசு வாங்கியிருப்பான். ஏ9 ரோட்டில தன்ர படம் போட்ட பனருக்கு உடன காசு எண்ணிக் குடுக்கத் தெரிஞ்ச மனுசன், என்ர மிச்சத்தை இண்டைக்கும் தரேல்லை.