மொட்டை மாடிச் சூட்டுக்கு ஃபோம் பலகை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மதுரையில் தனி வீடு. மாடி அறையில் ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் அனலைத்தான் தள்ளுகிறது. ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தும் அறை குளிர மறுக்கிறது. மேலே ஃபோம் பலகை போடச் சொல்கிறார் மேஸ்திரி. கடையில் வெள்ளை தெர்மோகோலும் இருக்கிறது, நீல நிறத்தில் விலை கூடிய பலகை ஒன்றும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: மேஸ்திரி சொல்வது நல்ல யோசனை. ஆனால் பலகை தளத்துக்கு மேலே போக வேண்டும், உள்ளே சீலிங்கில் அல்ல. உங்கள் அறை ராத்திரியில் கொதிப்பதற்குக் காரணம், பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட கான்கிரீட்தான். பொழுது சாய்ந்த பிறகு அது அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. வெயிலைக் கான்கிரீட்டில் ஏறவிடாமல் மேலேயே மறித்தால்தான் இது நிற்கும். 25 மி.மீ. ஃபோம் பலகை மறிக்கும் சூட்டைக் கான்கிரீட்டை வைத்தே மறிப்பதென்றால் சுமார் நாலடி கனத்துக்குக் கொட்ட வேண்டும்.

மொட்டை மாடிக்கு நான் சொல்வது எக்ஸ்.பி.எஸ். எனப்படும் அந்த நீலப் பலகையைத்தான். (சில கம்பெனிகள் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் விற்கின்றன. நிறத்தில் ஒன்றும் இல்லை.) தெர்மோகோலும் இதுவும் ஒரே பாலிஸ்டைரீன்தான். தெர்மோகோல் குருணை குருணையாக ஒட்டி உருவானது என்பதால் இடுக்குகளில் காலப்போக்கில் ஈரம் ஏறும். ஈரம் ஏறினால் சூட்டைத் தடுக்கும் சக்தி குறையும். எக்ஸ்.பி.எஸ். உள்ளே மூடிய நுண்ணறைகளால் ஆனது. தண்ணீர் எளிதில் ஏறாது, மேலே கான்கிரீட்டும் டைல்ஸும் போட்டு ஆள் நடந்தாலும் நசுங்காது.

வாங்கும்போது அடர்த்தியைக் கேளுங்கள். ஒரு கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. கடைக்காரர் வாயால் சொல்வதோடு விடாமல் ஒரு பலகையைத் தராசில் வையுங்கள். 1250-க்கு 600 மி.மீ. அளவில் 50 மி.மீ. கனப் பலகை 1.2 கிலோ இருக்க வேண்டும். அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் நின்றால் அது பார்சல் பெட்டிக்குள் பொருள் உடையாமலிருக்க வைக்கும் ரகம். ஓரத்தைக் கொஞ்சம் உடைத்தும் பாருங்கள்: மணி மணியாக உதிர்ந்தால் தெர்மோகோல், ஒரே சீராக இருந்தால் எக்ஸ்.பி.எஸ். கனத்தை அளக்க ஒரு ஸ்கேல் போதும்.

வேலை வரிசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒழுகும் தளத்தின் மேல் பலகையைப் போட்டு மூடினால், பிறகு ஒழுகும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. தட்டினால் பொள்ளல் சத்தம் வரும் பழைய தட்டோட்டை முதலில் எடுத்துவிடுங்கள். தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்தி, கீழே கசிகிறதா பாருங்கள். வாட்டர்புரூஃபிங் முடிந்த பிறகுதான் பலகை. அதையும் செங்கல் வரிசை மாதிரி இணைப்பு மாறி மாறி வரும்படி, இடைவெளி விடாமல் பரப்பச் சொல்லுங்கள். மேலே ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி விரித்து, கோழிவலை வைத்து, குழாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்து இரண்டு அங்குலக் கான்கிரீட், அப்புறம் வெள்ளை கூலிங் டைல்ஸ். வெயில் நேரடியாகப் பட்டால் பலகை பொடிந்து போகும், அதனால் மூடாமல் நாள்கணக்கில் போட்டு வைக்க விடாதீர்கள். பெட்ரோல், தின்னர் கலந்த பசையும் பிரைமரும் பக்கத்திலேயே வரக்கூடாது, பலகை கரைந்து குழியாகிவிடும். பலகை கனமில்லை, ஆனால் அந்தக் கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 11 கிலோ ஏறும். வீடு பழையது என்றால் இன்ஜினியர் ஒருவரிடம் காட்டிவிட்டே ஆரம்பியுங்கள்.

கேள்வி: 25 மி.மீ. போதுமா, 50 மி.மீ. வேண்டுமா?

பதில்: ஆறு அங்குல வெறும் கான்கிரீட் வழியே இறங்கும் வெப்பத்தில், கணக்குப்படி சுமார் 70 சதவீதத்தை 25 மி.மீ. பலகையே நிறுத்திவிடும். 50 மி.மீ. என்றால் 84 சதவீதம் வரை போகும். வீடுகளுக்காக மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற மின்சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு கூரைக்கு வைத்திருக்கும் வரம்பைத் தொட 25-ஏ போதும். ஃபேன் மட்டும் என்றால் அதோடு நிறுத்தலாம். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கும் பழக்கம் மட்டும் இருக்கட்டும், உள்ளே சேர்ந்த சூடு வெளியேற வேறு வழி இல்லை.

தினமும் ஏ.சி. போடும் வீடு என்றால் 50-ஐ எடுங்கள். இறங்கும் மிச்சச் சூடு ஏறக்குறைய பாதியாகிவிடும். கூலி, கான்கிரீட், டைல்ஸ் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். மின் கட்டணமோ யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் கணக்கு.

கையில் காசு குறைவா? இந்த வருஷம் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் மட்டும் அடியுங்கள். தூசி படிந்தால் பலன் குறையும், கழுவிவிட வேண்டும். ஆனாலும் போட்ட காசுக்கு நல்ல பலன் தரும்.

கேள்வி: வாடகை வீடு. மாடியில் கைவைக்க முடியாது. தெர்மோகோலை சீலிங்கில் ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். தெர்மோகோல் 80, 90 டிகிரியிலேயே இளகிவிடும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், கரும்புகை கக்கும். படுக்கைக்கு மேலே அதைத் திறந்தபடி வைத்துக்கொண்டு தூங்கக்கூடாது. வீட்டுக்காரரிடம் பேசி வெள்ளை பெயின்ட் அடிக்க அனுமதி வாங்குங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள்.

கேள்வி: எக்ஸ்.பி.எஸ். என்று பில் போட்டு வாங்கினார் கான்ட்ராக்டர். டைல்ஸ் ஒன்று பெயர்ந்தபோது பார்த்தால் உள்ளே தெர்மோகோல். என்ன செய்யலாம்?

பதில்: மேற்கொண்டு எதையும் பெயர்க்காதீர்கள். அந்த இடத்தை ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், ஒரு துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பலகையின் வகை, கனம் எழுதிய பில்லோ ஒப்பந்தமோ, வாட்ஸ்அப் செய்தியோ எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். மாற்றிப் போடவோ பணத்தைத் திருப்பவோ கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதனால் கான்ட்ராக்டர் சொல்லும் தவணைகளை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.